நான்காவது இடத்துக்காரர்கள்

1968 நவம்பர் 22, வெள்ளிக்கிழமை. பிரிட்டனில் அன்று ஒரே நாளில் இரண்டு ஆல்பங்கள் வெளியாயின. ஒன்று பீட்டில்ஸின் வெள்ளை அட்டை போட்ட இரட்டைத் தட்டு. அதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அள்ளிக்கொண்டு போனது. மற்றது கிங்க்ஸ் குழுவின் ‘வில்லேஜ் கிரீன் பிரிசர்வேஷன் சொசைட்டி’. விற்பனைப் பட்டியலில் அது தலைகாட்டவே இல்லை. ஒரு லட்சம் பிரதிகளுக்கான தங்கத்தட்டு பிரிட்டனில் அதற்குக் கிடைத்தபோது 2018 ஆகிவிட்டது. ஐம்பது வருடம்.

கிங்க்ஸ் ரசிகனாக இருப்பது எப்படி இருக்கும் என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். அறுபதுகளின் பிரிட்டிஷ் ராக் என்று பேச்செடுத்தால் முதலில் பீட்டில்ஸ் வரும், ஸ்டோன்ஸ் வரும், அப்புறம் தி ஹூ. கொஞ்சம் இடைவெளி விட்டு யாராவது ஒருவர், ‘ஆமா, கிங்க்ஸும் இருந்தாங்க இல்ல?’ என்பார். அந்த ‘இல்ல?’ எனக்குப் பள்ளிக்காலத்திலிருந்தே பழகிப்போனது.

எனக்கு இவர்கள் வாய்த்தது பெரம்பூரில். எங்கள் மாடி வீட்டில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் இருந்தது. அங்கிள் ரயில்வே லோகோ ஒர்க்ஸில் ஃபிட்டர். லண்டனில் இருந்த அவருடைய அக்கா அவ்வப்போது இசைத்தட்டுகள் அனுப்புவார். ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடித்து, மதியச் சாப்பாடும் ஆன பிறகு எச்.எம்.வி. ஃபியஸ்டா ரெக்கார்ட் பிளேயரின் மூடியைத் திறப்பார். கீழே எங்கள் வீட்டு ரேடியோவில் இளையராஜா, மேலே அவர் வீட்டில் கிடார். படிக்கட்டில் உட்கார்ந்தால் இரண்டும் கேட்கும். நான் மெதுவாக ஒவ்வொரு படியாக மேலே நகர்ந்தவன். ராஜாவை விட்டுவிட்டேன் என்று அர்த்தமில்லை; அவர் எங்கேயும் போகப்போவதில்லை என்ற தைரியம்.

‘யூ ரியலி காட் மீ’ ஓடியபோது அங்கிள் என்னைப் பார்த்து, “சவுண்டைக் கூட்டு மேன்” என்றார். கூட்டினேன். இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். முடிந்துவிட்டது. அந்தக் கரகரப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. தட்டு கெட்டுப்போய்விட்டதோ என்று ஊசியைத் தூக்கிப் பார்க்கத் தோன்றியது.

கெட்டுப்போனது ஸ்பீக்கர்தான் என்பதைப் பல வருடம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். கெடுத்தது டேவ் டேவிஸ், குழுவின் கிடார்காரர், அப்போது வயது 17. எல்பிகோ என்ற மட்டமான ஒரு பச்சை ஆம்ப்ளிஃபயர் அவரிடம் இருந்தது. பிளேடை எடுத்து அதன் ஸ்பீக்கர் கோனின் காகிதத்தைக் கீறிவிட்டார், குண்டூசிகளும் குத்தினார். கிழிந்த காகிதம் அதிரும்போது ஒலி உடைந்து, பல்லைக் கடித்துக்கொண்டு வருகிறது. அதை அப்படியே வாக்ஸ் ஏசி30 என்ற பெரிய பெட்டிக்குள் செலுத்தினார்கள். இன்று இந்த ஒலிக்கு ஆயிரம் விதமான பெடல்கள் விற்கிறார்கள். அன்று ஒரு பிளேடு போதும்.

அந்தப் பாட்டே தப்பிப் பிழைத்ததுதான். அதற்கு முன் வந்த இரண்டு சிங்கிள்களும் படுத்துவிட்டன. மூன்றாவதும் போனால் கம்பெனி கைகழுவிவிடும். முதலில் பதிவு செய்ததில் எதிரொலியைக் கொட்டிக் கவிழ்த்திருந்தார்கள். டேவின் அண்ணன் ரே டேவிஸ், குழுவுக்குப் பாட்டெழுதிப் பாடுபவர், வயது 20, இதை வெளியிடக் கூடாது, மறுபடி பதிவு செய்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். 1964 ஜூலையில் மறுபதிவு, செப்டம்பரில் முதலிடம். அந்த கிடார் தனி ஆவர்த்தனத்தை வாசித்தது டேவ் இல்லை, பின்னாளில் லெட் ஜெப்பலின் குழுவில் பேர் வாங்கிய கிடார்காரர் ஜிம்மி பேஜ் என்று ஒரு வதந்தி பிற்பாடு கிளம்பி இன்றுவரை உலாத்துகிறது. வாசித்தது டேவ்தான். தம்பி தன் வாழ்நாளில் பாதியை இதை மறுப்பதிலேயே செலவழித்தார்.

இரண்டு மூன்று வருடத்தில் மாடி வீட்டார் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார்கள். பெரம்பூரில் அது அன்றாடச் செய்தி. ஒவ்வொரு வீடாகக் காலியாகிக்கொண்டிருந்தது. அங்கிள் அந்தத் தட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதை ஓட்ட எங்கள் வீட்டில் பிளேயர் கிடையாது. உறையின் பின்பக்கத்தைப் படித்துப் படித்தே கொஞ்ச காலம் ஓட்டினேன்.

பிற்பாடு ‘ரோஸி வோன்ட் யூ ப்ளீஸ் கம் ஹோம்’ என்ற பாட்டைக் கேட்டபோது இந்த வீடு ஞாபகத்துக்கு வந்ததில் ஆச்சரியமில்லை. டேவிஸ் வீட்டில் எட்டுப் பிள்ளைகள். முதல் ஆறும் பெண்கள், அப்புறம்தான் ரேயும் டேவும். அக்காக்களில் ரோஸ் 1964இல் கணவர் ஆர்தரோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிவிட்டார். 1966இல் வந்த அந்தப் பாட்டு, மகளைத் திரும்பி வரச் சொல்லி வீட்டிலிருந்து போடும் கடிதம். உன் அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறோம் என்கிற தொனி. ராக் குழுக்கள் காதலியைத் திரும்பி வரச் சொல்லித்தான் பாடும். அக்காவை யார் கூப்பிட்டார்கள்?

கிங்க்ஸ் என்னைப் பிடித்துவைத்தது இங்கேதான். அவர்கள் வீட்டை விட்டுப் போகவே இல்லை.

போக விடவும் இல்லை என்று சொல்ல வேண்டும். 1965 கோடையில் அமெரிக்கா போனார்கள். போன இடமெல்லாம் ஏதாவது தகராறு. ஒரு தொலைக்காட்சிப் படப்பிடிப்பில் ரே ஓர் ஆளை அடித்தேவிட்டார். அதன்பின் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் அவர்களுக்கு 1969 வரை அனுமதி கொடுக்கவில்லை. ஸ்டோன்ஸும் ஹூவும் அமெரிக்காவில் காசையும் பேரையும் குவித்த அதே வருடங்கள். தொழில் ரீதியாக இது தற்கொலை. எனக்கென்னவோ அந்தச் சங்கத்துக்கு ரசிகர்கள் சேர்ந்து ஒரு நன்றிக்கடிதம் போட வேண்டும் என்று தோன்றும். மற்ற பிரிட்டிஷ் குழுக்கள் அமெரிக்க நெடுஞ்சாலைகளைப் பற்றிக் கனவு கண்டபோது ரே டேவிஸ் வடக்கு லண்டனில் உட்கார்ந்து, வருமான வரி கட்ட முடியாத பணக்காரனையும், தவணை கட்டி வாங்கிய வீட்டில் வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு நாற்காலியில் சாயும் குமாஸ்தாவையும் எழுதினார். வரி கட்ட முடியாதவனின் பாட்டு ‘சன்னி ஆஃப்டர்நூன்’. 1966 ஜூலையில் முதலிடம் பிடித்தது. அது கீழே இறக்கியது பீட்டில்ஸின் ‘பேப்பர்பேக் ரைட்டர்’ பாட்டை. இதை நான் இடம் கிடைக்கும்போதெல்லாம் சொல்லிவிடுவேன்.

அந்தத் தடைக்குக் கொஞ்சம் முன்னால் நடந்த ஒன்று எனக்கு இன்னும் நெருக்கமானது. 1965 ஜனவரியில் ஆஸ்திரேலியாவுக்குப் போகும் வழியில் குழு பம்பாயில் தங்கியது. விடியற்காலையில் வேலைக்குப் போகும் மீனவர்கள் பாடியது ரேயின் காதில் விழுந்தது. அதிலிருந்து வந்த பாட்டு ‘சீ மை ஃப்ரெண்ட்ஸ்’, ஜூலை கடைசியில் வெளியானது. கிடார் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு தம்பூரா போல ரீங்கரிக்க, அதன்மேல் குரல் பாதித் தூக்கத்தில் இழுபடுகிறது. பீட்டில்ஸ் ஆல்பத்தில் சிதார் கேட்டது அந்த டிசம்பரில்தான். யார் முந்தி என்ற போட்டியில் எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை. (கொஞ்சம் உண்டு.) ரே சிதாரை மடியில் வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்ளவில்லை, குருவைத் தேடவில்லை. வேலைக்குப் போகிறவர்களின் அலுப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்.

என் அம்மாவின் ஊர் நாகப்பட்டினம் பக்கம். கரைவலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் அம்பாப் பாட்டைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். கயிறு நகர்வதற்கான பாட்டு அது, கேட்கிறவனுக்காகப் பாடுவதில்லை. ‘சீ மை ஃப்ரெண்ட்ஸ்’ அம்பா இல்லை, அந்த மெட்டும் இல்லை. ஆனால் யாரோ தூரத்தில் தங்களுக்காகப் பாடிக்கொள்வதை ஒட்டுக்கேட்ட ஒருவன் போட்ட பாட்டு என்பது முதல் தடவையிலேயே தெரிந்துவிடுகிறது. அந்தப் பாட்டை நான் கேட்டது கல்லூரி நாட்களில். அங்கிளின் தட்டில் இல்லை. நம் ரெக்கார்டிங் சென்டர்களில் தேடிப் பயனில்லை. இங்கிலீஷ் என்றால் போனி எம், ஆபா, மிஞ்சினால் பீட்டில்ஸ். துபாயிலிருந்து வந்த ஒரு நண்பனின் கேசட்டை இரவல் வாங்கி, டிடிகே 60இல் பதிவு செய்தேன். பக்கத்துக்கு முப்பது நிமிடம்தான்; கடைசிப் பாட்டு நடுவில் அறுந்துபோகும். இப்போது அதே பாட்டை முழுதாகக் கேட்டாலும் அந்த இடம் வந்ததும் மனசு தானாக நின்றுவிடுகிறது.

‘வில்லேஜ் கிரீன்’ எனக்குக் கிடைத்தது அதற்கும் வெகுநாள் கழித்து, சிடியில். முதல் கேட்பில் ஏமாற்றம்தான். கிழிந்த ஸ்பீக்கர் எங்கே? எல்லாம் மென்மையாக, அருங்காட்சியகத்துக்குள் பேசுகிற குரலில் இருந்தது. தலைப்புப் பாட்டு ஸ்ட்ராபெரி ஜாமையும் பீங்கான் கோப்பையையும் டியூடர் வீடுகளையும் காப்பாற்றக் கிளம்புகிறது. கிண்டலா, நிஜமா? ரெண்டும். ரேயிடம் இந்த ரெண்டையும் பிரிக்கவே முடியாது, பிரித்தால் பாட்டு செத்துப்போகும். வால்டர் என்ற பள்ளித்தோழனைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது. மழையில் கிரிக்கெட் ஆடிய பையன். இப்போது பார்த்தால் தொந்தி போட்டு, கல்யாணமாகி, எட்டரை மணிக்கே படுக்கப் போய்விடுவான் என்று போகிறது. இதை எழுதியபோது ரேவுக்கு 24 வயது. எனக்கு இருபதுகளில் இது நல்ல ஜோக்காகப்பட்டது. இப்போது நான் ஒன்பது மணிக்குள் படுத்துவிடுகிறேன்.

அதே ஆல்பத்தில் கடைசி நீராவி ரயில் தன் கதையைச் சொல்லும் பாட்டு ஒன்று. பிரிட்டிஷ் ரயில்வே தன் பிரதான பாதைகளில் நீராவி எஞ்சினை நிறுத்தியது 1968 ஆகஸ்டில். நவம்பரில் பாட்டு கடைக்கு வந்துவிட்டது. எஞ்சின் அருங்காட்சியகத்தில் நிற்கிறது, நண்பர்கள் எல்லாம் நடுத்தர வர்க்கமாகிவிட்டார்கள், தான் மட்டும் கரியும் புகையுமாக இருப்பதாகப் புலம்புகிறது. லோகோ ஒர்க்ஸ் அங்கிளுக்கு இதைப் போட்டுக் காட்ட முடியாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ரிவெட்டில் ஏதாவது தப்புக் கண்டுபிடித்திருப்பார்.

வேலை நிமித்தம் சில வருடங்கள் லண்டனில் இருந்தேன். டேவிஸ் சகோதரர்கள் வளர்ந்த மஸ்வெல் ஹில்லுக்குப் பாதாள ரயில் கிடையாது. ஈஸ்ட் ஃபின்ச்லியில் இறங்கி ஃபோர்டிஸ் கிரீன் சாலையோடு நடக்க வேண்டும். டேவிஸ் குடும்பம் இருந்த டென்மார்க் டெரஸ் வீடு ரொம்பச் சின்னது. அப்பா, அம்மா, எட்டுப் பிள்ளைகள், சனிக்கிழமை இரவானால் பியானோவைச் சுற்றி அக்காக்களும் அவர்களுடைய நண்பர்களும். அந்த முன்னறைப் பியானோவில்தான் ‘யூ ரியலி காட் மீ’ பிறந்தது. சாலைக்கு எதிர்ப்புறம் கிளிசோல்ட் ஆர்ம்ஸ் என்ற மதுக்கடை. சிறுவர்களாக அண்ணனும் தம்பியும் முதன்முதலில் ஆட்கள் முன்னால் வாசித்தது அங்கே. நான் போனபோது ஓர் அறை முழுக்கப் படங்கள் மாட்டியிருந்தார்கள். வீட்டுக்கும் மேடைக்கும் நடுவில் ஒரு பஸ் போகிற அகலம்.

நவம்பரில் டஃப்னெல் பார்க்கில் ரசிகர்கள் கூடுவார்கள். குழுவில் முன்பு இருந்தவர்கள் ‘காஸ்ட் ஆஃப் கிங்க்ஸ்’ என்ற பெயரில் வாசிப்பார்கள். நம் ஊர் மாதிரி கட்அவுட், பால் எல்லாம் இல்லை. தலை நரைத்தவர்கள், முழங்கால் வலிக்காரர்கள், ஆளுக்கொரு பியர். என் பக்கத்தில் இருந்த ஓர் அம்மாள் ‘வில்லேஜ் கிரீன்’ வெளியான வாரத்திலேயே வாங்கியவராம். நான் அப்படியே பரவசமாகிவிட்டேன். அவரோ சர்வசாதாரணமாக, பீட்டில்ஸ் இரட்டைத் தட்டு வாங்கக் காசு பத்தவில்லை, அதனால் இதை வாங்கினேன் என்றார்.

மேடையில் டிரம்ஸ் வாசித்த பெரியவர் மிக் ஏவரி. சாந்தமான முகம். 1965 மே மாதம் கார்டிஃப் மேடையில் டேவ் இவரைத் திட்டி டிரம்ஸை எட்டி உதைக்க, இவர் சிம்பல் ஸ்டாண்டைத் தூக்கி டேவின் தலையில் போட்டார். 16 தையல். செத்தேபோய்விட்டான் என்று நினைத்து ஏவரி அரங்கை விட்டு ஓடிவிட்டார். பிறகு போலீஸிடம், அது எங்கள் நிகழ்ச்சியில் ஒரு புது அம்சம் என்று சொல்லிச் சமாளித்தார்களாம். அதற்குப் பிறகும் அவர் 1984 வரை அந்தக் குழுவில் வாசித்தார் என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

எல்லாவற்றையும் தூக்கிப்பிடிக்கிற ரசிகன் நான் இல்லை. 1973இலிருந்து 1975 வரை ரே நாடகம் போட்டார். ‘பிரிசர்வேஷன்’ இரண்டு பாகம், அதில் இரண்டாவது பாகம் இரட்டைத் தட்டு. மிஸ்டர் ஃப்ளாஷ், மிஸ்டர் பிளாக் என்று பாத்திரங்கள், ஊதுகுழல் கோஷ்டி, கோரஸ், நடுநடுவே செய்தி அறிவிப்பு. அதே 1973 ஜூனில் மனைவி ரசா குழந்தைகளோடு பிரிந்துபோனார். அடுத்த மாதம் ஒயிட் சிட்டி மேடையில் ரே, இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று அறிவித்தார். மாத்திரைகளை விழுங்கியிருந்தார், மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஆள் தேறி வந்து மறுபடி நாடகத்தையே முடித்தார். இந்தக் கதை தெரிந்த பிறகு அந்த ஆல்பங்களைத் திட்ட மனசு வரவில்லை. ஆனாலும் கேட்கப் பொறுமை வேண்டும். முதல் பாகத்தில் ‘ஸ்வீட் லேடி ஜெனிவீவ்’ என்று ஒன்று இருக்கிறது. அந்த ஒரு பாட்டுக்காக மற்றதை மன்னிக்கலாம்.

அப்புறம் அமெரிக்கா இவர்கள் பக்கம் திரும்பியது. எழுபதுகளின் முடிவில் பெரிய அரங்குகள், சத்தமான கிடார். எனக்கு அந்தக் காலம் அரைமனசுதான். ஆனால் அதிலிருந்தும் ஒன்று வந்தது: ‘கம் டான்சிங்’. ரேயின் அக்காக்களில் ரெனே என்பவருக்கு இதயம் பலவீனம். 1957 ஜூனில் தம்பியின் 13வது பிறந்தநாளுக்கு அவன் ஆசைப்பட்ட ஸ்பானிஷ் கிடாரை வாங்கிக்கொடுத்தார். அன்று இரவு லைசியம் அரங்கில் நடனமாடிக்கொண்டிருந்தபோதே விழுந்து இறந்துபோனார். கால் நூற்றாண்டு கழித்து ரே அந்தப் பாட்டை எழுதினார். அதில் சாவே கிடையாது. அக்கா சனிக்கிழமை தோறும் நடனத்துக்குப் போகிறாள், கூட்டிப்போகிறவன் வாசலில் காத்திருக்கிறான், தம்பி ஜன்னல் வழியாகப் பார்க்கிறான். நடன அரங்கை இடித்து பவுலிங் கூடம், அது போய் சூப்பர் மார்க்கெட், அதுவும் போய் கார் நிறுத்துமிடம். அண்ணா சாலையில் சஃபையர் தியேட்டர் இருந்த இடத்தைத் தாண்டிப் போகிற சென்னைக்காரருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். ரொம்ப இங்கிலீஷ்தனமாக இருக்கிறது என்று அமெரிக்கக் கம்பெனி இதை வெளியிடவே தயங்கியது. 1983இல் அங்கே 6வது இடம். தெரியாதவர்கள் இதை ஜாலியான பாட்டு என்கிறார்கள். நான் திருத்துவதில்லை, ஜாலியான பாட்டுதான்.

1996 ஜூனில் ஆஸ்லோவில் கடைசிக் கச்சேரி. அந்த விழாவின் பெயர் ‘நார்வீஜியன் வுட்’. கடைசி மேடையிலும் பீட்டில்ஸ் பாட்டின் பெயர்தான்! பிறகு அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம். 2004 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸில் கைப்பையைப் பறித்தவனைத் துரத்திப்போய் ரே காலில் குண்டடி பட்டார். அதே வருடம் ஜூனில் டேவுக்குப் பக்கவாதம். கிடாரை மறுபடி முதலிலிருந்து பழக வேண்டியிருந்தது. 2010இல் பீட் குவைஃப், ஆதி பேஸ் கிடார்காரர், காலமானார். 2015 டிசம்பரில் இஸ்லிங்டனில் டேவின் கச்சேரிக்கு ரே திடீரென்று வந்து மேடையேறினார். இருவரும் சேர்ந்து பாடியது எது என்று சொல்ல வேண்டியதில்லை. மறுநாளே, மறுபடி சேர்கிறார்களா என்ற கேள்வி கிளம்பியது. சில வருடத்துக்கொருமுறை இது கிளம்பும், ரே ஏதாவது சொல்வார், டேவ் வேறு ஏதாவது சொல்வார், அதோடு அடங்கும்.

சேர வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. எண்பது வயது அண்ணனையும் தம்பியையும் ஒரே வேனில் ஏற்றுவதில் யாருக்கு லாபம்? அடிப்படையில் இது ஒரு குடும்பச் சண்டை. சண்டை போட்டுக்கொண்டே முப்பது வருடத்துக்கு மேல் பாட்டுப் போட்டார்கள், போதும்.

புதிதாகக் கேட்கிறவர்கள் எங்கே ஆரம்பிப்பது என்று கேட்பதுண்டு. எல்லோரும் ‘வாட்டர்லூ சன்செட்’ என்பார்கள். சரிதான், 1967இன் சிறந்த பாட்டு அது, வழக்கம்போல இரண்டாம் இடத்தில் நின்றுவிட்டது. பதிவு முடிகிறவரை ரே அதன் வரிகளைக் குழுவினருக்கே காட்டவில்லையாம். ஆனால் அங்கே ஆரம்பித்தால் மற்றதெல்லாம் அதைவிடக் குறைவாகத் தெரியும். ‘ஆர்தர்’ ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள், 1969. அது அந்த ஆஸ்திரேலியா போன அத்தானின் கதை. ஒரு தொலைக்காட்சி நாடகத்துக்காக எழுதியது, நாடகம் கடைசி நேரத்தில் கைவிடப்பட்டது, பாட்டுகள் மட்டும் மிஞ்சின. அப்புறம் ‘வில்லேஜ் கிரீன்’, அப்புறம் 1966இன் ‘ஃபேஸ் டு ஃபேஸ்’. ‘பிரிசர்வேஷன்’ இரண்டாம் பாகத்தை ஓய்வுபெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் தள்ளிப்போட்டு வைத்திருக்கிறேன்.